412 ரூபாய்ச் சாவும் 1,85,000 ரூபாய்ச் சாவும்

கேள்வி கேட்ட தம்பி பாலக்கோடு பக்கத்துக் கிராமத்துக்காரர். வீட்டுப் பரணில் அவருடைய பெரியப்பா எழுதிய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 1974ல் தாத்தா இறந்தபோது ஆன செலவை அதில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். மொத்தம் 412 ரூபாய் 60 காசு. 2023ல் அப்பா பெங்களூரில் இறந்து, ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்து, காரியம் முடித்த வரைக்கும் இவர் எழுதி வைத்த கணக்கு 1,85,000 ரூபாய். "ஊர் மெச்ச வேண்டும் என்று நாங்கள் வீண் செலவு செய்துவிட்டோமா? இந்த நோட்டை வைத்துக்கொண்டு குடும்ப வரலாறு எழுத முடியுமா?" இதுதான் கேள்வி. இரண்டு கணக்கையும் வரி வரியாக அனுப்பியிருந்தார்.

நான் ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகு வந்த தலைமுறை. தருமபுரி மாவட்டத்தில் ஐந்தாறு ஊர்களில் வேலை பார்த்தேன். சாவு வீட்டுக்கு மாலையோடு போவதும் நான்தான், அப்புறம் அந்தச் சாவைப் பதிவேட்டில் ஏற்றுவதும் நான்தான். அதனால் நாலு வரியில் பதில் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள், தம்பி.

முதலில் அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து வந்த மலைப்பைத் தீர்த்துக்கொள்வோம். ரூபாயாகப் பார்த்தால் 448 மடங்கு. ஆனால் 1974ல் ஒரு பவுன் ஏறத்தாழ 400 ரூபாய். அப்படிப் பார்த்தால் தாத்தாவுடையது ஒரு பவுன் சாவு. 2023ல் பவுன் 44,000, 45,000 என்று இருந்தது. அப்பாவுடையது நாலு பவுன் சாவு. தங்கம் வேண்டாம், கூலியில் கணக்குப் போடுங்கள். எனக்கு நினைவு தெரிந்து அப்போது எங்கள் பக்கம் ஆம்பிளை ஆளுக்கு நாள் கூலி 3 ரூபாய். 412 ரூபாய் என்றால் 137 நாள் உழைப்பு. 2023ல் கூலியை 600 என்று வைத்துக்கொண்டால் 1,85,000க்கு 308 நாள். ஆக, செலவு ஏறியது இரண்டே கால் மடங்கு. அதையும் நான் முழுசாக நம்பமாட்டேன். ஏனென்றால் 1974ல் ஆன செலவில் பாதிகூட அந்த நோட்டில் இல்லை.

நோட்டில் இருப்பது இவ்வளவுதான். அரிசி ஒரு மூட்டை 160, பருப்பு எண்ணெய் வெல்லம் காய்கறி 92, துணிமணி 50, போட்டோ 25, பாடைக்கு மூங்கிலும் பூவும் 22.50, ஓகேனக்கல் போய்வர 18.50, தட்சிணை 10, தந்தி மூன்றுக்கு 6.60, மேளம் 6, குழி 2, இதர செலவு 20. கூட்டிப் பார்த்தேன், காசு பிசகவில்லை. உங்கள் பெரியப்பா கணக்கில் கெட்டிக்காரர். அந்த 'இதர செலவு' என்னவாக இருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 1974 தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்ப வந்த வருடம். பெயர் சொல்லி எழுத முடியாத செலவு ஒன்று எந்தச் சாவிலும் இருக்கும்.

மேளம் 6, குழி 2. இந்த இரண்டு வரியைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சாவு விழுந்ததிலிருந்து எடுக்கும் வரை பறை அடிக்க ஐந்தாறு பேராவது வேண்டும். அவர்களில் ஒருவர் இரண்டு பேர் விடியற்காலையிலேயே பக்கத்து ஊர்களுக்கு நடந்து போய்ச் சொந்தபந்தத்துக்குச் சேதி சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்கு ஆளுக்கு ஒரு ரூபாய். ஆறடிக் குழி வெட்டி, மூடி, மறுநாள் பால் தெளிக்க வரும்போது மண்மேட்டைச் சரி செய்து வைப்பதற்கு 2 ரூபாய். இதைக் கூலி என்று சொல்லவே முடியாது. வெற்றிலை பாக்குக் காசு. அறுவடையின்போது களத்தில் அளந்து போட்ட மேரைதான் அவர்களுக்குக் கூலி என்று ஊர் வைத்திருந்தது. வருடத்துக்கு இத்தனை வள்ளம் ராகி, இத்தனை வள்ளம் சாமை. அதற்கு ஈடாக எந்த வீட்டில் எந்த நேரத்தில் சாவு விழுந்தாலும் வந்தாக வேண்டும். வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை அதில் கிடையாது. துணி வெளுத்தவருக்கும், சவரம் செய்து சடங்குகளை முன்னின்று நடத்தியவருக்கும் இதே ஏற்பாடுதான். ஊரே சேர்ந்து சிலரைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிப்போட்டு வைத்திருந்ததால் உங்கள் தாத்தா சாவு 412 ரூபாயில் முடிந்தது. ஊரார் சாவுக்கெல்லாம் குழி வெட்டியவர் செத்தால், அவரை அந்தச் சுடுகாட்டில் புதைக்க விடமாட்டார்கள். அவர்களுக்குத் தனி இடம், அதற்குப் போகப் பல ஊர்களில் பாதைகூடக் கிடையாது. அந்தப் பாதைக்காக வந்த மனுக்களை நான் கையால் வாங்கியிருக்கிறேன்.

உங்கள் 2023 கணக்கில் மேளம் 22,000, குழிக்கு ஜேசிபி 2,500 என்று இருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் அதிர்ந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. குழி வெட்டியவரின் பேரன் ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் போகிறான். பறையைக் கீழே வைத்தவர்களின் பிள்ளைகள் பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கிறார்கள். இன்றைக்கும் அடிக்கிறவர்கள் செட்டு சேர்த்து, சீருடை போட்டு, வண்டி வைத்து, முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நேரமானால் கிளம்பிவிடுகிறார்கள். ஒரு தொழில் எப்படி நடக்க வேண்டுமோ அப்படி நடக்கிறது. முன்பு தானியத்திலும் அடிமைத்தனத்திலும் மறைந்து கிடந்த செலவு இப்போது பில்லாக வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "அப்பல்லாம் ஆறு ரூபாயில அடிச்சாங்க" என்று ஒரு சாவு வீட்டில் அங்கலாய்த்தார். மேளக்காரப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "அந்த ஆறு ரூபாய வாங்கின எங்க தாத்தா ராத்திரி எங்க சாப்பிட்டாருன்னு கேட்டுப் பாருங்கய்யா" என்றான். பெரியவர் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

நோட்டில் இல்லாத இன்னொன்று சாப்பாடு. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. எடுத்து முடித்து வீட்டைக் கழுவிவிடும் வரை பங்காளி வீடுகளில் களியும் கஞ்சியும் ஆக்கிக் கொண்டுவந்தார்கள். பதினாறாம் நாளுக்கு மாமன் மச்சான் வீட்டிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் அரிசி, பருப்பு, பூசணிக்காய் என்று வண்டியில் வரும். அதனால்தான் ஒரே ஒரு மூட்டை அரிசி வாங்கி ஊருக்கே சோறு போட முடிந்தது. உங்கள் கணக்கில் சாவன்றும் மறுநாளும் வந்தவர்களுக்குச் சாப்பாடு 15,000, காரியத்தன்று 450 பேருக்கு விருந்து 62,000. சமையல்காரர் ஆள், பாத்திர வாடகை, வாழை இலை எல்லாம் சேர்த்து. இன்றைக்கும் உறவுக்காரர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. அரிசிக்குப் பதிலாகக் கவரில் மொய் வைக்கிறார்கள். அந்த வரவை நீங்கள் கணக்கில் காட்டவில்லை! செலவை மட்டும் எழுதி வரவை விட்டுவிடுவது பெரியப்பா காலத்திலிருந்தே வருகிற குடும்பப் பழக்கமோ என்னவோ.

சரி, உண்மையில் எது புதுச் செலவு? என் கணக்கில் எல்லாவற்றுக்கும் வேர் அந்த ஐஸ் பெட்டி. நீங்கள் இரண்டு நாளுக்கு 7,000 கொடுத்திருக்கிறீர்கள். பெட்டி வாடகை பெரிய தொகை இல்லை. ஆனால் பெட்டி வந்தால் காத்திருக்கலாம். காத்திருக்கலாம் என்றால் எல்லாரும் வரலாம். எல்லாரும் வந்தால் பந்தல் வேண்டும், நாற்காலி வேண்டும், ராத்திரிக்கு விளக்கு, டீ, டிபன், இரண்டாம் நாளும் மேளம். 1974ல் காலையில் உயிர் போனால் சாயங்காலம் எடுத்துவிடுவார்கள். ராத்திரி போனால் மறுநாள் மதியத்துக்குள். தந்தி கிடைத்து பஸ் பிடித்து வர முடிந்தவர்கள் முகம் பார்ப்பார்கள். முடியாதவர்கள் காரியத்துக்கு வந்து அழுவார்கள். தந்தி என்றாலே சாவுச் சேதிதான். பிரித்துப் படிப்பதற்கு முன்பே பெண்கள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தந்தியே 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" என்ற கேள்விக்கு அப்போது சூரியன் பதில் சொன்னது. இப்போது வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், துபாயிலிருக்கும் மருமகனின் விமான நேரம் பதில் சொல்கிறது.

இந்தப் பெட்டி விஷயத்தில் நானும் பட்டிருக்கிறேன். என் அம்மா 2012 கோடையில் இறந்தார். தம்பி வடக்கே வேலையில் இருந்தான், வந்துசேர ஒன்றரை நாள் ஆகும். வாடகைக்குப் பெட்டி எடுத்தோம். அந்த வருடம் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. நள்ளிரவில் பெட்டியின் சத்தம் நின்றது. கண்ணாடிமேல் உள்ளிருந்து நீர் பூத்தது, அம்மாவின் முகம் மங்கலாகிக்கொண்டே போனது. நான் என் வேட்டி முனையால் வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டே இருந்தேன், உள்ளே இருந்த ஈரம் எப்படிப் போகும்? வாடகைக்கு விட்டவரைக் கூப்பிட்டால் ஜெனரேட்டர் தனி வாடகை, டீசல் தனி என்றார். ராத்திரி இரண்டு மணிக்கு யார் பேரம் பேசுவார்கள்? அவர் கேட்டதைக் கொடுத்தோம். விடியும் வரை அந்த ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் ஒப்பாரி வைக்க உட்கார்ந்த கிழவிகள் எல்லாம் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். எங்கள் தெருவில் அம்மாதான் நன்றாக ஒப்பாரி சொல்லுவார். அம்மாவுக்குச் சொல்ல ஆள் இருந்தும் கேட்க முடியாமல் போனது. தம்பி முகம் பார்த்தான், அது பெரிய ஆறுதல்தான். இருந்தாலும் அந்த ராத்திரியை நினைத்தால் எனக்கு இன்னும் பெட்டிமேல் கோபம் வரும்.

துணிமணி, பூ, வெடி இதையெல்லாம் நீட்டி எழுத ஒன்றுமில்லை. பச்சை மூங்கிலில் பாடை கட்டியது போய்ப் பூப்பல்லக்கு வந்தது, உங்களுக்கு 18,000. பேனர், போஸ்டர் 4,500. இந்தப் பேனரைத்தான் வீண் செலவு என்று கூசாமல் சொல்லுவேன். ஊர் முனையில் மூன்று நாள் நிற்கிறது, அப்புறம் யாரோ அதைக் கிழித்து வைக்கோல் போர்மேல் போர்த்துகிறார்கள். வைக்கோலுக்காவது பயன்பட்டதே என்று தேற்றிக்கொள்ளலாம். பந்தலுக்கு 24,000 கொஞ்சம் அதிகம். சாவுக்கும் காரியத்துக்கும் இரண்டு முறை போட்டதால் ஏறியிருக்கிறது. பெங்களூரிலிருந்து ஆம்புலன்ஸ் 9,000. அதற்கு வேறு வழியில்லை. ஆனால் நம் மாநில அரசு மருத்துவமனையில் இறந்தால் வீடு வரை கொண்டுவர இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377 என்ற எண்ணில் கூப்பிடலாம். இது தெரியாமல் மருத்துவமனை வாசலில் தனியார் வண்டிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடன் என்றதும் ஒன்று. 1974ல் பணம் பற்றாவிட்டால் ஊரில் ஒருவரிடம் நோட்டு எழுதிக் கொடுத்தோ, நகையை வைத்தோ வாங்குவார்கள். இப்போது சாவுக்கடன் பாதி வீடுகளில் பெண்கள் பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989ல் முதலில் தொடங்கியது நம் தருமபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. மாடு வாங்க, கடை வைக்க என்று தொடங்கிய குழு. அவசரத்துக்கு மாமனார் காரியத்துக்கும் அதிலேயே எடுக்கிறார்கள். செலவைத் தீர்மானிப்பது ஆண்கள், வாரா வாரம் தவணை கட்டுவது மருமகள்.

அரசு உதவியையும் சொல்லிவிடுகிறேன். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தவர் இயற்கையாக இறந்தால் குடும்பத்துக்கு 20,000, ஈமச்சடங்குக்கு 2,500 என்று இருந்தது. அந்த 2,500 உங்கள் ஜேசிபி வாடகைக்குச் சரியாகப் போகும். 2025 வேளாண் பட்ஜெட்டில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கு இதை 30,000, 10,000 என்று உயர்த்தி அறிவித்தார்கள். அப்பாவிடம் அட்டை இருந்ததா என்று ஒருமுறை பெட்டியைக் கிளறிப் பாருங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. அந்த நோட்டு குடும்ப வரலாற்றுக்குத் தாராளமாகப் போதும்.

போட்டோ 25 ரூபாய் என்ற வரியிலிருந்து தொடங்குங்கள். மேளத்துக்குக் கொடுத்ததைப்போல நாலு மடங்கு, எட்டு நாள் கூலி. அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கம் ஒரு ஆளை உயிரோடு இருக்கும்போது போட்டோ பிடிப்பது அபூர்வம். செத்த பிறகு குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தலைப்பாகை கட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க இடுப்பில் துணி கட்டிவிடுவார்கள். குடும்பம் சுற்றி நிற்கும். டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் பெட்டியோடு சைக்கிளில் வருவார். உங்கள் வீட்டிலும் அந்தப் படம் கட்டாயம் இருந்திருக்கும். பயந்துகொண்டு யாராவது எடுத்து மறைத்து வைத்திருப்பார்கள், அல்லது அத்தை வீட்டில் இருக்கும். கிடைத்தால் தாத்தாவை மட்டும் பார்க்காதீர்கள். வலப்பக்கம் யார், நாற்காலியின் கையைப் பிடித்திருப்பது யார், எந்த மருமகன் வரிசையில் இல்லை என்று பாருங்கள். பங்கு பிரிந்தது, பேச்சு வார்த்தை நின்றது எல்லாம் அதில் தெரியும். நான் பார்த்த ஒரு படத்தில் மூத்த மகன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றிருந்தார்கள். அவர் பட்டாளத்தில் இருந்தாராம். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையும் சிலசமயம் தேதியும் இருக்கும்.

ஓகேனக்கல் 18.50 என்பதும் நல்ல சேதி. உங்களுடையது புதைக்கிற குடும்பம். கரைக்கச் சாம்பல் கிடையாது. ஆனாலும் பிண்டம் விட்டுத் தலைமுழுகக் காவிரிக்குப் போயிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் அப்பாவுக்கும் அப்படிப் போனார்களா என்று கேட்டுப் பாருங்கள். அரூர் பக்கத்துக் குடும்பங்கள் தீர்த்தமலைக்கும் அனுமன்தீர்த்தத்துக்கும் போவார்கள். எந்தத் தண்ணீருக்குப் போனார்கள் என்பதை வைத்தே பூர்வீகம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும் கிழவர்கள் இருந்தார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் இன்னும் வேறு மாதிரி. கன்னடம் பேசுகிறவர்கள் பதினோராம் நாள் திதி வைக்கிறார்கள். லிங்காயத்துக் குடும்பங்களில் உட்கார வைத்துத்தான் அடக்கம். எலத்தகிரி, கோவிலூர் போன்ற கத்தோலிக்க ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், கோயிலில் அடக்கப் பதிவேடு இருக்கும். கிருஷ்ணகிரி முஸ்லிம் வீடுகளில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான ஒரே சந்தூக்கில்தான், அதாவது உடலை எடுத்துப்போகும் பெட்டியில்தான், பணக்காரரும் ஏழையும் போகிறார்கள், கபன் துணியோடு அன்றைக்கே அடக்கம். அங்கே ஐஸ் பெட்டிக்கு வேலை குறைவு.

குலசாமி வேடியப்பனா? அப்படியானால் இன்னும் பின்னால் போகலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல் பெரும்பாலும் நடுகல்தான். ஆநிரை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு, 'தொறு மீட்டுப் பட்டான்' என்று வட்டெழுத்தில் வெட்டி நட்ட கற்கள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன, பார்த்துவிட்டு வாருங்கள். மல்லச்சந்திரத்தில் மலைமேல் இருக்கும் கல்திட்டைகள், செத்தவர்களுக்காகப் பலகைக் கல்லில் எழுப்பியவை, அதற்கும் முந்தியவை. அவ்வளவு பெரிய பலகைக் கல்லை மேலே தூக்கி வைக்க எத்தனை பேருக்கு எத்தனை நாள் சோறு போட்டிருக்க வேண்டும்? சாவுக்கு அளவு மீறிச் செலவு செய்வது நேற்று வந்த பழக்கம் இல்லை, தம்பி.

பதிவேடுகள் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1969ல் மத்தியச் சட்டம் வந்தது. அதற்கு முன் 1899ம் வருடத்துச் சென்னை மாகாணச் சட்டம். சட்டம் இருந்தது, பதிவு ஒழுங்காக நடந்ததா என்றால் இல்லை. பட்டா மாற வேண்டும் என்றால் சாவு பதிவாகும். நிலம் இல்லாதவர் சாவு பல ஊர்களில் பதிவே ஆகாது. அதனால் உங்கள் தாத்தா பதிவேட்டில் இருக்க வாய்ப்பு அதிகம், பாட்டி இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் 'இன்னார் மனைவி' என்ற அடையாளத்தோடுதான் இருப்பார், அவருடைய அப்பா பெயர் இருக்காது. 1989க்குப் பிறகுதான், மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்திய பிறகுதான், வாரிசுச் சான்றுக்கு வந்தவர்கள் அக்கா தங்கைகள் பெயரை யோசித்து யோசித்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். "மூணாவது பொண்ணு பேரு என்னடா?" என்று என் மேசைக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தேடும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். 1965 அக்டோபர் 2க்கு முன் இதெல்லாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9ல் பிரிந்தது. அன்றைக்கு ஊர் எந்தத் தாலுகாவில் இருந்தது என்று தெரிந்துகொண்டு அந்த அலுவலகத்தில் கேளுங்கள்.

பாட்டி பேச்சு வந்ததால் கேட்கிறேன். அவர் இறந்தது 1991 என்று எழுதியிருக்கிறீர்கள். பெரியப்பா அப்போதும் உயிரோடு இருந்தார், அதே நோட்டும் இருந்தது. பாட்டி சாவுக்கு ஏன் ஒரு பக்கமும் இல்லை? செலவு ஆகாமலா இருந்திருக்கும்? எனக்குத் தோன்றுவது, பெண்ணின் சாவுக்குக் கோடித்துணி, பூ, கடைசிச் சேலை எல்லாம் பிறந்த வீட்டுச் சீர். மாமன் வீடு செய்தது நம் கணக்கில் ஏறாது. அந்தக் கணக்கு பாட்டியின் அண்ணன் வீட்டு நோட்டில் இருக்கலாம். 1974லும் தாத்தா உடம்புக்கு முன்னால் பாட்டிக்குப் பூ வைத்து, வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் உடைத்து எடுத்து வெள்ளைச் சேலை கட்டியிருப்பார்கள். அந்தச் சேலை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதும் நோட்டில் இல்லை. உங்கள் அம்மாவுக்கு அந்தச் சடங்கைச் செய்யவில்லை என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். யார் தடுத்தது, எந்தப் பெரியவர் கோபித்துக்கொண்டு போனார், அம்மா என்ன சொன்னார்? 1,85,000 ரூபாய்க் கணக்கைவிட அதை முதலில் எழுதி வையுங்கள். செலவே இல்லாத மாற்றம் என்பதால் எந்த நோட்டிலும் ஏறாது.

கொரோனா காலத்துச் சாவு ஏதாவது குடும்பத்தில் இருந்தால் அதையும் சேருங்கள். 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தது. எங்கள் ஊரில் 2021ல் ஒரு கல்யாணச் சாவு, பேரன் பேத்தி எடுத்த கிழவர். பூப்பல்லக்கு இல்லை, வெடி இல்லை, மூன்றாம் நாளே காரியம். ஆன செலவு மிகக் குறைவு. அதைப் பார்த்து இனி எல்லாரும் இப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தோம். அடுத்த வருடமே அவருடைய மனைவி போனார். கிழவருக்குச் செய்யாததையும் சேர்த்துச் செய்தார்கள். மூன்றாம் நாள் காரியம் மட்டும் நிலைத்துவிட்டது. லீவு கிடைக்காதவர்களுக்கு அது வசதியாக இருக்கிறது. பதினாறாம் நாளையும் இப்போது ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வைக்கிறார்கள்.

வீண் செலவு செய்தோமா என்று கேட்டீர்கள். பேனரும் பந்தலில் பாதியும் வீண். பூப்பல்லக்கு உங்கள் மனசுக்கு. மிச்சமெல்லாம் அப்பாவைக் கொண்டுவந்து, வந்தவர்களுக்குச் சோறு போட்டு, வேலை செய்தவர்களுக்குக் கூலி கொடுத்தது. இதற்குப் போய்த் தூக்கம் கெட வேண்டாம்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து பாருங்கள். அந்தக் காலத்துக் கணக்குக்காரர்கள் முன்பக்கத்தில் செலவையும், பின்பக்கத்திலிருந்து வரவையும் எழுதுவார்கள். யார் வீட்டிலிருந்து எத்தனை வள்ளம் அரிசி, எத்தனை படி பருப்பு, எவர் வைத்த கோடி என்று ஊர்ப்பெயரோடு இருக்கும். கிலோ வந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் நம் பக்கம் வள்ளத்தில்தான் எழுதினார்கள், அதுவும் ஊருக்கு ஊர் அளவு மாறும். அந்தப் பக்கம் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எழுத்து புரியாவிட்டால் நான் படித்துச் சொல்கிறேன்.